திக்கச் சொல்லித் தந்த டீச்சர்

என் மச்சினனுக்குத் திக்குவாய். பஸ் நிலையத்தில் பார்சல் கட்டும் வேலையில், வாயைத் திறக்காமலே இருபது வருஷத்தை ஓட்டிவிட்டான். திடீரென்று ஒரு நாள் அங்கேயே அறிவிப்பாளர் வேலைக்கு மனுப் போட்டுவிட்டு வந்து நின்றான். அடுத்த மாதம் மைக்கில் பேசிக் காட்ட வேண்டும். கிடைக்காவிட்டால் தன்னையே பார்சல் கட்டி எங்காவது அனுப்பிவிடப் போவதாக அவன் அக்காவிடம், அதாவது என் மனைவியிடம், எழுதிக் காட்டினான்.

பேச்சுப் பயிற்சி தரும் டீச்சரம்மாவிடம் கூட்டிப் போனேன். நாக்குக்கு ஏதாவது தடவுவாள் என்று பார்த்தால், "தினமும் பத்துப் பேர்கிட்ட வேணும்னே திக்கிப் பேசிட்டு வாங்க" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. "ஏம்மா, தானா வர்றது பத்தலையா? நீச்சல் தெரியாதவனை மூழ்கிப் பழகுன்னு சொல்ற மாதிரி இருக்கே!"

"திக்கிடுவோமோங்கிற பயம்தான் சார் இவர் வாயை அடைக்குது. இவரே கூப்பிட்டு வரவச்சா பயம் குறையும். அப்புறம், அவர் வார்த்தையை நீங்க முடிச்சு வைக்கக் கூடாது."

இது என் வயிற்றிலேயே அடித்தது. அவன் முதல் எழுத்தைச் சொன்னால் மீதி என் பொறுப்பு. பெண் பார்த்த அன்று அவனுக்காகச் சம்மதம் சொன்னதே நான்தான்.

இவளிடம் ஏதோ சூது இருக்கிறது என்று, பயிற்சிக்காக மச்சினனை அவள் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போன அன்று, மழையில்லாவிட்டாலும் குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு இருவர் பின்னாலும் போனேன். ஒரு இரும்புக் கடையில், என்னிடம் அருவி மாதிரி பேசிய அதே டீச்சர், "ஆ... ஆ... ஆணி" என்று திணறிக்கொண்டிருந்தாள்! மச்சினன் பக்கத்தில் நின்று சிரிக்கிறான். ஆக, இது ஒட்டுவாரொட்டி! அன்றிலிருந்து தினமும் எழுந்ததும் கண்ணாடி முன்னால் என் பெயரை மூன்று முறை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

நேரில் போய்க் கேட்டும் விட்டேன்.

"அவரைச் செய்யச் சொல்றதை முதல்ல நான் செஞ்சு காட்ட வேண்டாமா சார்?" என்றாள்.

பதில் சரியாக இருந்தது. அதனாலேயே சந்தேகம் கூடியது.

தேர்வு நாளன்று அறிவிப்பு அறையில் மேலாளர் உட்கார்ந்திருந்தார். நான் கதவோரம். மச்சினன் மைக்கைப் பிடித்தான்.

"வ... வ... வணக்கம். எனக்குத் தி... திக்கும். கொ... கொஞ்சம் பொறுத்துக்குங்க."

நிலையமே நிமிர்ந்து பார்த்தது. மீதியை முடித்துவைக்க என் நாக்கு துடித்தது. கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டேன். அவனோ வராத வார்த்தையைத் தாண்டிக் குதிக்காமல், அதன் பக்கத்திலேயே நின்று, மெதுவாகக் கைப்பிடித்துக் கூட்டிவந்தான். நான்காவது நடைமேடை பஸ் கிளம்பப் போவதைச் சொல்லி முடிக்க ஒன்றரை நிமிஷம்.

மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். "இவ்வளவு நேரம் ஆகுதேய்யா?"

"ஆ... ஆகும் சார். ஓ... ஓடி வர்றவங்களுக்கு அது தேவைப்படுது."

மேலாளர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். அறிவிப்பு முடியாமல் வண்டியை எடுக்கக் கூடாதென்பது அவரே போட்ட சட்டம். அதுவரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த டிரைவர் அப்போதுதான் சாவியைத் திருப்பினார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்த ஒரு பெண் பஸ் படியில் காலை வைத்தாள்.

"நாளையிலிருந்து வாங்க" என்றார் மேலாளர்.

அதற்குப் பிறகு அந்த நிலையத்தில் பஸ்ஸைத் தவறவிட்டவர் ஒருவர்கூட இல்லை. தாமதமாகக் கிளம்புகிறவர்கள் பக்கத்து நிலையத்தை விட்டுவிட்டு இங்கே வருகிறார்கள். டீச்சர் மேல் எனக்கு இன்னும் ஒரு கண் உண்டு. அது வேறு விஷயம். நம்பாதவர்கள் நேரில் போய்ப் பார்க்கலாம். அவசரமில்லை, பஸ் நிற்கும்.