கிழக்கால முட்டி

வேலை முடிந்து வீடு திரும்பும் பேருந்தில் எஞ்சினுக்குப் பக்கத்தில், பின்பக்கம் பார்த்துப் போட்டிருக்கும் சீட்டில்தான் பாலகோபாலுக்கு இடம் கிடைத்தது. ஊரே முன்னால் பார்த்துப் போக, தான் மட்டும் கடந்து வந்ததையே வெறித்துக்கொண்டு போவது தன் ஜாதகத்துக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். துடியலூர் தாண்டியதும், தினமும் வலப்பக்கம் வருகிற பேக்கரி இடப்பக்கம் வந்தது. ஒரு கணம் விழித்தான். அட, பேக்கரி நகரவில்லை, நாம்தான் திரும்பி உட்கார்ந்திருக்கிறோம். அது விளங்கிய மறுகணமே காலையில் ஆஸ்பத்திரியில் எழுதிய கேஸ் ஷீட் நினைவுக்கு வந்தது.

பழனாத்தாளும் திரும்பித்தானே படுத்திருந்தாள்.

அவன் கோயமுத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். வேலை நிரந்தரமாக இன்னும் இருபது நாள். கல்லூரியில் விழுந்து விழுந்து படித்த ஃப்ளெக்‌ஷன், எக்ஸ்டென்ஷன், சுபைன், ப்ரோன் எல்லாவற்றையும் சேர்ந்த முதல் வாரமே மடக்கு, நீட்டு, மல்லாக்க, குப்புற என்று நாலு வார்த்தையில் அடக்கிவிட்டான். அதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இடது வலதுதான் தொந்தரவு. தறி ஓட்டுகிறவர்களும் தோட்டத்துக்காரர்களும் உடம்பைக்கூடத் திசை வைத்தே சொன்னார்கள். கிழக்கால கை, மேக்கால தோள் என்று. அதற்கும் ஒரு குறுக்குவழி வைத்திருந்தான். வலிக்குக் கரண்ட் ஷாக் வைக்கும் மிஷின் வடக்குச் சுவரில் இருந்ததால் கட்டிலின் தலைமாடும் வடக்கில்தான். மல்லாக்கப் படுத்தால் கிழக்கு இடது, மேற்கு வலது. ஐந்து மாதமாக ஒரு நாளும் தப்பியதில்லை.

இன்று காலை சோமனூரிலிருந்து வந்த பழனாத்தாள் அந்தக் கட்டிலில் படுக்க மறுத்தாள்.

"வடக்க தல வெச்சு எங்கூட்ல ஆருமே படுத்ததில்லீங்க."

"மிஷின் அங்கதானுங்கக்கா இருக்குது."

"அப்ப மிஷினு வேணா வடக்க தல வெச்சுப் படுத்துக்கட்டுமுங்க."

அவன் சிரித்துக்கொண்டே தலையணையைத் தூக்கித் தெற்கே போட்டான். சர்ஜன் வந்து அவளுடைய இரண்டு முட்டிகளையும் மடக்கி நீட்டிப் பார்த்தார். இருபது வருஷம் தறிக்கு முன்னால் நின்ற முட்டிகள், இரண்டுமே தேய்ந்தவை. ஒன்றில் உள்பக்க ஜவ்வு கிழிந்திருந்தது. "இதுதான். ஆபரேஷன நாளைக்குப் போட்டுடலாம், எழுதிக்கோ" என்று தொட்டுக் காட்டிவிட்டுக் கை கழுவப் போனார். எழுதும் முன் எதற்கும் இருக்கட்டும் என்று அவளிடமும் கேட்டான். "கெழக்கால முட்டிங்க" என்றாள். கை தானாக 'லெஃப்ட்' என்று எழுதிவிட்டது.

இப்போது பேருந்தில் தன் முட்டிகளை மாற்றி மாற்றித் தட்டிப் பார்த்தான். கழுத்தைத் தெற்கே சாய்த்தான், கண்ணை மூடி மனதுக்குள் படுத்துப் பார்த்தான். எதிரில் இருந்த பெரியவர், "ஏனுங் தம்பி, பூச்சி கீச்சி ஏறிப்போச்சுங்களா?" என்றார்.

"இல்லீங்க, தெச பாக்கறனுங்க."

"பஸ்ஸுல அதெல்லாம் டிரைவரு பாத்துக்குவாருங்க."

எப்படிப் படுத்துப் பார்த்தாலும் அது வலது முட்டியாகவே வந்தது. ஆபரேஷன் மறுநாள் காலை எட்டு மணிக்கு. அடுத்த நிறுத்தத்தில் குதித்து எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினான். ஆஸ்பத்திரி லைன் மூன்று தடவையும் பிஸி. எதிர்ப்பக்கம் வந்த பேருந்தில் தொற்றி ஏறினான். சீட் காலியாக இருந்தும் உட்கார முடியவில்லை.

வார்டில் பழனாத்தாள் பன்னைக் காப்பியில் நனைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, தெசையெல்லாம் சொல்லாதீங்க. வலிக்கற முட்டியக் கையால தொட்டுக் காட்டுங்க."

வலது முட்டியைத் தொட்டாள். இடது முட்டி மழமழவென்று சிரைக்கப்பட்டு, மேலே மருந்து நீலத்தில் பெரிய பெருக்கல் குறியோடு இருந்தது.

"எடது காலச் செரைக்கறப்ப ஏனுங்கக்கா சொல்லல?"

"படிச்சவங்க செய்யறீங்க, குறுக்க பேசறதுங்களா? நாங்க மாதிரித்துணி பாத்துத்தான நெய்யறோம். அப்படி நல்ல முட்டியத் தொறந்து பாத்துக்கிட்டுக் கெட்டதச் சரி பண்ணுவீங்களாக்கும்னு நெனச்சனுங்க."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. அதை அடக்கிக்கொண்டு கேஸ் ஷீட்டைக் கேட்டான்.

நர்ஸ் ஜாஹிதா கேஸ் ஷீட்டை எடுத்து வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "உங்க கையெழுத்துதான் சார். அடிச்சு எழுதாதீங்க, புதுத் தாள்ல எழுதி வெச்சிருங்க. ஆபரேஷன் தியேட்டர் லிஸ்ட்ட நம்ம கிளார்க்கு அக்பர் அலி பாய்தான் காப்பி பண்ணாரு. பாக்கறவங்க அவரு மாத்திட்டாருன்னு நெனச்சுக்குவாங்க. வயசானவரு, ரெண்டு திட்டு திட்டி வுட்டுருவாங்க."

புதுத் தாள் மேசையில்தான் இருந்தது. பேனாவின் மூடியைக் கழற்றினான், போட்டான், மறுபடி கழற்றினான். தன் இருபது நாளை நினைத்தான். அக்பர் அலி கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துக் காப்பி எடுப்பதை நினைத்தான். அந்த மனுஷன் தப்பைக்கூட அச்சுப் பிசகாமல் எழுதியிருக்கிறார்.

சர்ஜன் வீட்டு நம்பரைச் சுழற்றினான். எடுத்தது அவர் மனைவி. அவர் வெளியே போயிருக்கிறாராம், வருகிற நேரம்தானாம்.

"நாளைக்கு ஆபரேஷன் கேஸுல கால் மாறிப்போச்சுங்கம்மா. எழுதுனது நானுங்க. லிஸ்ட் எடுத்தவர் மேல தப்பில்லீங்க. வலது முட்டிதானுங்க."

"வந்ததும் கூப்பிடச் சொல்றேன்" என்று வைத்துவிட்டாள்.

நிற்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல், ஸ்பிரிட்டும் பஞ்சும் எடுத்துவந்து இடது முட்டியின் குறியைத் தானே துடைக்க ஆரம்பித்தான். நீலம் போகவில்லை. கோடுகள் கரைந்து முட்டி முழுக்கப் பரவியது. அழுத்தித் தேய்த்தான்.

"மெதுவாங்க சாமி. அது நல்ல முட்டிங்க" என்றாள் பழனாத்தாள்.

மேசையில் போன் அடித்தது. ஜாஹிதா எடுத்துக் கேட்டாள், எழுந்து நின்றாள், "டாக்டர்" என்று ரிசீவரை அவன் பக்கம் நீட்டினாள். நீல விரல்களை எங்கே துடைப்பது என்று தெரியாமல் அப்படியே வாங்கிக் காதில் வைத்தான். "சார்" என்றான். வார்டின் அந்தக் கோடியில் பழனாத்தாள் எழுந்து உட்கார்ந்து, சேலைத் தலைப்பை எச்சிலில் நனைத்து, முட்டியில் இருந்த நீலத்தைத் தானே தேய்த்துக்கொண்டிருந்தாள்.