வெள்ளவத்தைக்குக் குடிபோன இடப்பக்கப் புல்

தொண்ணூற்றாறாம் ஆண்டு மாசி மாதம், கொழும்பில், கொட்டாஞ்சேனை விடிவெள்ளி உதைபந்தாட்டக் கழக மைதானத்தின் இடப்பக்கப் புல் பாய் சுருட்டினாற்போல எழும்பி, வெள்ளவத்தையில் வின்சன்றின் மேல்மாடி வீட்டுக்குக் குடிபோனது. மாதா கோயில் மதிலோரமாக, ஒரு லொறி அகலத்துக்கு, வெறும் செம்மண் மிஞ்சியது. வலப்பக்கப் புல் அசையவில்லை. அந்தக் கிழமை தேங்காய் விலை ஏறியிருந்தபடியால் ஊரில் இரண்டு நாட்களுக்கு ஒருவரும் இதைப் பெரிதாகக் கதைக்கவில்லை.

வின்சன்ற் அந்த இடப்பக்கத்தில் பன்னிரண்டு வருடம் ஓடியவன். விடிவெள்ளி, துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களின் கழகம். வென்றால் ஒரு சோற்றுப் பார்சலும் பஸ் காசும். தோற்றால் பஸ் காசு இல்லை. வெள்ளவத்தைத் தென்கரைக் கழகமோ இரும்புக்கடை முதலாளி கதிர்காமநாதனுடையது. அவர் ஆட்டக்காரருக்கு மாதச் சம்பளம் கொடுத்தார். வின்சன்றுக்குச் சம்பளத்தோடு, கடைக்கு மேலே தனிப் பைப்பு உள்ள வீடும் தருவதாகச் சொல்லியனுப்பினார். கொட்டாஞ்சேனையில் எட்டுக் குடும்பத்துக்கு ஒரே பைப்பு. வின்சன்றின் மனைவி பேர்ணடெற் அந்தப் பைப்படியில் வாளியோடு வழுக்கி விழுந்ததில்தான் முதற்பிள்ளை தங்காமல் போனது. இப்போது மறுபடி ஆறு மாதம். வின்சன்ற் ஒப்பந்தத்தை வாசிக்காமலே கையெழுத்து வைத்தான். விடிவெள்ளியின் தலைவன் கிளெமென்ற், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன், அவனோடு பேச்சை விட்டான். "சல்லிக்குப் போறவன் போகட்டும்," என்று தேநீர்க் கடையில் எல்லோருக்கும் கேட்கச் சொன்னான். "நிலம் எங்களோடதான் இருக்கு." மூன்றாம் நாள் அந்த நிலத்தின் ஒரு பக்கப் புல் கிளம்பிவிட்டது.

பேர்ணடெற் காலையில் கட்டிலை விட்டுக் காலை வைத்தபோது பனி பட்டது. ஒருதரம் மாதாவைக் கூப்பிட்டாள். பிறகு அடுப்பை மேசைமேல் தூக்கி வைத்துவிட்டு, பைப்பைத் திறந்து புல்லுக்குத் தண்ணீர் விட்டாள். வீட்டுக்குள் அடங்காத புல் படிக்கட்டில் சுருண்டு கிடந்தது. கதிர்காமநாதன் அதை மிதித்துக்கொண்டு மேலே வந்தார். "தம்பி, உந்தப் புல்லுக்கும் சேர்த்து வாடகை கேட்கட்டோ?" என்றார். கேட்கவில்லை. அந்த நாட்களில் தமிழர் வீட்டுக்கு யார் வந்து தங்கினாலும் பொலிஸில் பதிய வேண்டும் என்பதால், வின்சன்ற் போய்ச் சொன்னான். கொன்ஸ்டபிள் வந்து பார்த்தார். எங்கிருந்து வந்தது, எத்தனை நாள் நிற்கும், என்ன அலுவல் என்று வழமைபோலக் கேட்டார். அலுவலுக்கு வின்சன்ற் சற்று யோசித்து, தன்னைப் பார்க்க வந்தது என்றான். அப்படியே பதியப்பட்டது.

கழகத்துக்குத்தான் ஆபத்து வந்தது. ஒரு பக்கம் மொட்டையான மைதானத்தில் ஆடமுடியாது, கடைசிப் போட்டிக்குமுன் புல் இல்லாவிட்டால் விடிவெள்ளி முதற்பிரிவிலிருந்து நீக்கப்படும் என்று லீக் அறிவித்தது. அந்தக் கடைசிப் போட்டி தென்கரையோடுதான்; அதில் ஒரு புள்ளியாவது எடுக்காவிட்டாலும் விடிவெள்ளி கீழே இறங்கும். கிளெமென்ற் ரோசத்தை விழுங்கிக்கொண்டு லொறியும் ஆட்களுமாக வந்து, புல்லைச் சுருட்டி ஏற்றிக்கொண்டு போனான். மறுநாள் காலையில் அது வழியிலுள்ள காலி வீதியின் சேறோடு திரும்பி வந்திருந்தது. ஓரத்தில் ஒரு பஸ் ரிக்கற் ஒட்டியிருந்தது. இரண்டாம் முறையும் ஏற்றினார்கள், இரண்டாம் முறையும் வந்தது. அன்று கிளெமென்ற் படிக்கட்டிலேயே குந்திவிட்டான்.

"திரும்பி வா, மச்சான். நீ வந்தா அதுவும் வரும். இல்லாட்டிக் கழகம் முடிஞ்சுது."

தேநீரோடு வந்த பேர்ணடெற்தான் பதில் சொன்னாள்.

"கிளெமென்ற் அண்ணே, தண்ணி எங்க இருக்கெண்டு புல்லுக்கே விளங்கியிருக்கு. உங்களுக்கு விளங்கல்லியே."

கிளெமென்ற் தேநீரைக் குடித்தான். சீனி போதாது என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனான். அடுத்த நாளிலிருந்து தன் ஆட்களை அந்த மொட்டைச் செம்மண்ணிலேயே ஓடிப் பழக வைத்தான்.

போட்டி நாளில் வின்சன்ற் தென்கரையின் நீலச் சட்டையோடு கழகத்து வான் வண்டியில் ஏறினான். புல் வண்டிக்குப் பின்னால் வந்தது. சோதனைச் சாவடியில் ஒரு ஆமிக்காரன் கையைக் காட்டி, இது என்னவென்று சிங்களத்தில் கேட்டான்: "மே மொக்கத?" "தணகொள, சேர்," என்றான் வின்சன்ற். புல்தானே என்று ஆமிக்காரன் நம்பிவிடவில்லை; துவக்கு முனையால் ஓரத்தைக் கிளப்பிப் பார்த்தான். மண்ணும் புழுவும்தான் இருந்தன. போகவிட்டான்.

மைதானத்துக்குள் புல் வின்சன்றுக்கு முன்னால் நுழைந்து, கோயில் மதிலோரம் தன் பழைய இடத்தில் படுத்தது. லீக் அதிகாரி காலால் தட்டிப் பார்த்துச் சரி என்றார். சனம் வின்சன்றைப் பார்த்து "சல்லி வின்சன்ற்!" என்று கூவியது, புல்லுக்குக் கைதட்டியது. அவன் அந்தப் புல்லின்மேல் ஓடி, பழைய கழகத்துக்கு எதிராகவே ஒரு கோல் போட்டான். கையைத் தூக்கவில்லை. இடைவேளைக்குப் பிறகு அணிகள் பக்கம் மாறின. வின்சன்றின் இடப்பக்கம் இப்போது எதிர் ஓரம். புல் எழும்பி, மைதானத்தைக் குறுக்கே கடந்து, அங்கே ஏற்கனவே இருந்த புல்லின்மேல் படுத்தது. மத்தியஸ்தர் அது படுத்து முடியும்வரை விசில் ஊதாமல் நின்றார். இரட்டைப் புல்லில் வின்சன்றின் பந்து கணுக்கால்வரை புதைந்து செத்தது. மதிலோரச் செம்மண்ணிலோ, அதிலேயே ஓடிப் பழகிய விடிவெள்ளியின் புதுப் பொடியன் ஒருவரும் தொடமுடியாமல் ஓடிப்போய்க் கோலைச் சமப்படுத்தினான். அந்த ஒரு புள்ளியோடு விடிவெள்ளி முதற்பிரிவில் நின்றுகொண்டது.

போட்டி முடிந்ததும் கிளெமென்ற் நேரே கதிர்காமநாதனிடம் போனான். விடிவெள்ளியின் சொந்த மைதானப் போட்டிகளுக்கு வின்சன்றை அனுப்பினால் போதும், ஆடவேண்டாம், மதிலோரம் கதிரையில் இருக்கட்டும் என்று கேட்டான். முதலாளி வின்சன்றைப் பார்த்தார், புல்லைப் பார்த்தார். "நான் ஆளைத்தான் எடுத்தனான். புல் அவன்ர சொந்தம். ஆனா அவன் உங்களுக்காகக் கத்தக்கூடாது." வின்சன்ற் கத்தவில்லை. அந்த நிபந்தனை புல்லுக்குப் போடப்படாதபடியால், விடிவெள்ளி கோல் போடும்போதெல்லாம் அது ஒரு சாண் எழும்பி நின்றது.

வைகாசியில் மகள் பிறந்தாள். தவழப் பழகியது அந்தப் புல்லில்தான்; முழங்கால் ஒருநாளும் உரசவில்லை. வின்சன்ற் சம்பளம் வாங்கிய கடைசி நாள்வரை தென்கரைக்கே ஆடினான். பொலிஸார் பதிவு பார்க்க வரும்போது சப்பாத்தைக் கழற்றிவிட்டு நடந்தார்கள். கொட்டாஞ்சேனையில் போட்டி உள்ள நாட்களில் இப்போதெல்லாம் புல்தான் முதலில் படியிறங்கும். வின்சன்ற் கதவைப் பூட்டிவிட்டு அதன் பின்னால் போவான்.