கட்டம் அழிந்த இடம்

எங்கள் கல்லூரி விடுதியின் அடித்தள அறையில், சனிக்கிழமைதோறும் நாங்கள் ஆடும் கதை ஆட்டத்துக்கு ஒரு சட்டம் உண்டு. ஆட்டத்தில் யாருடைய பொம்மை ஆள் சாகிறானோ, அந்த ஆட்டக்காரர்தான் ஆடும் பாயைத் துடைத்து, காயவைத்து, அடுத்த சனிக்கிழமை கொண்டுவர வேண்டும். துக்கத்தைத் தனியாகக் கொடுக்காமல் வேலையும் சேர்த்துக் கொடுப்பது எங்கள் விஸ்கான்சின் மாநிலப் பண்பாடு.

பாய் டாக்னியுடையது. வினைல் பாய், முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள். கதை நடத்துபவள் அவள்தான். வாராவாரம் அதன் மேல் மார்க்கரால் குகையோ பாலமோ வரைவாள். நாங்கள் பொம்மைகளைக் கட்டம் கட்டமாக நகர்த்திப் பகடை உருட்டுவோம். பள்ளி நாளில் ஒரு கோடை முழுக்க ஐஸ்கிரீம் கடையில் நின்று சம்பாதித்து அவள் வாங்கிய பாய். ஐந்து வருடத்தில் ஒரு கறை கிடையாது. இதை யாரும் கேட்காமலே மாதம் ஒருமுறை சொல்வாள்.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முந்தைய ஆட்டத்தில் என் குள்ளன் செத்தான். இரண்டு வருடம் வளர்த்த ஆள். ஒரு சாதாரண எலும்புக்கூடு அடித்துவிட்டது. விழுந்த இடத்தில் டாக்னி சிவப்பு மார்க்கரால் நிதானமாக ஒரு ரத்தக் குளம் வரைந்தாள்.

“துணி அங்க இருக்கு, ஆர்லோ. சிவப்ப முதல்ல துடை. விட்டா ஊறிடும்.”

“கொன்னதும் நீ, வரைஞ்சதும் நீ. துடைக்க மட்டும் நானா?”

“செத்தவன் பேசக் கூடாது.”

எல்லோரும் சிரித்தபடி மாடிக்குப் போனார்கள். நான் துடைக்கவில்லை. பாயை அப்படியே சுருட்டி, என் அறை ஹீட்டருக்குப் பின்னால் சொருகிவிட்டு ஊருக்குப் போய்விட்டேன். அதை அப்போது எதிர்ப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்து விரித்தேன். அன்று வரைந்திருந்த குகை ஈரத்துணிக்கே போய்விட்டது. ரத்தம் போகவில்லை. வெந்நீர், சோப்பு, மறுபடி வெந்நீர். வெளிறியதே தவிர அசையவில்லை.

அறைத்தோழன் புரூனோ கட்டிலில் படுத்தபடி, “கை துடைக்கிற ஸ்பிரிட்ட ஊத்திப் பாரேன். கொரோனாவே போச்சு, இது போகாதா?” என்றான்.

ஊற்றித் தேய்த்தேன். சிவப்பு கொஞ்சம் போனது. மகிழ்ச்சியில் இன்னும் அழுத்தித் தேய்த்தேன்.

புரூனோ எழுந்து வந்து பார்த்தான். “டேய், கட்டமெல்லாம் எங்கடா?”

“துணியில இருக்கு.”

உள்ளங்கை அகலத்துக்கு மொட்டை. சுற்றி ஒரு ரோஜா நிற வளையம். ஆட்டத்தின்போது எல்லோரும் கொறிக்கும் சீஸ் தட்டை அதன் மேல் வைத்துவிடலாம் என்றான் புரூனோ. ஆட்டம் நடக்கும் நான்கு மணி நேரமும் யாரும் சீஸ் எடுக்காத பட்சத்தில் நல்ல யோசனைதான்.

சனிக்கிழமை எல்லோருக்கும் முன்பே அடித்தளத்துக்குப் போனேன். டாக்னி எனக்கும் முன்பே வந்திருந்தாள். பாயை நானே விரித்தேன்.

“அன்னைக்கு நான் துடைக்கல. கோவம். அப்புறம் ஸ்பிரிட் போட்டேன்.”

அவள் கத்தியிருந்தால் பரவாயில்லை. குனிந்து விரலால் எண்ணினாள்.

“பதினோரு கட்டம்,” என்றாள்.

“புதுசு வாங்கித் தரேன்.”

“புதுசுல கறை இருக்காதுன்னு எனக்கும் தெரியும்.”

மற்றவர்கள் வந்தார்கள். யாரும் சீஸைத் தொடவில்லை. டாக்னி மொட்டையைச் சுற்றிக் கோட்டைச் சுவர் வரைந்து, என் புதிய ஆளை எடுத்து நடுவில் வைத்தாள்.

என் முறை வந்தது. “வடக்க போறேன்,” என்றேன்.

“எத்தன கட்டம்?”

கீழே பார்த்தேன். “இங்க கட்டமே இல்லையே.”

“அப்ப போக முடியாது. அடுத்த ஆள்.”

நான்கு மணி நேரம் நின்றேன். எதிரிகளுக்கும் உள்ளே வரக் கட்டம் இல்லை. சாகவும் முடியவில்லை.

அன்று யாருமே சாகவில்லை. ஆட்டம் முடிந்ததும் துணி மேசை ஓரத்தில் கிடந்தது. யாருடைய முறையும் இல்லை. வாழ்க்கையில் முதன்முறையாக, யாரும் சொல்லாமலே ஒரு துணிக்குக் கை நீட்டினேன்.

“நான் துடைக்கட்டுமா?”

டாக்னி துணியை எடுத்து, கிண்ணத் தண்ணீரில் நனைத்துத் தானே துடைத்தாள். முதலில் சிவப்பு, பிறகு நீலம், கடைசியில் கறுப்பு. மொட்டையின் விளிம்புக்கு வந்ததும் கை மெதுவானது. புண்ணைச் சுற்றித் துடைப்பது மாதிரி துடைத்தாள். நான் நின்றுகொண்டிருந்தேன். மற்றவர்கள் சொல்லிக்கொள்ளாமல் மாடியேறினார்கள்.

கடைசியில் நிமிராமலே கிண்ணத்தை என் பக்கம் தள்ளினாள்.

“தண்ணி அழுக்காயிடுச்சு. மாத்திட்டு வா.”

இரண்டு கையாலும் பிடித்து, ஒரு சொட்டு சிந்தாமல் எடுத்துக்கொண்டு போனேன்.