கொழும்பிலிருந்து வந்தவள்

மணி பத்தே முக்கால். ஸ்டேஷன் மாஸ்டர் அறைக்கு வெளியே கிடந்த பெஞ்சில் ஜீவராணியை உட்காரச் சொல்லி இருபது நிமிடம் ஆகிவிட்டது. ஆஸ்பத்திரி கிளினிக்கில் பதினொன்றரையோடு நம்பர் கொடுப்பதை நிறுத்திவிடுவார்கள். வீங்கிய வலது கையை மடியில் வைத்துக்கொண்டு, சுவர்க் கடிகாரத்தையும் டிக்கெட் பரிசோதகரையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்த மனிதருக்கு அவசரமே இல்லை. ரசீதுப் புத்தகத்துக்கு நடுவே கார்பன் தாளை வைத்தார், தட்டினார், நேராக்கினார், மறுபடியும் தட்டினார்.

அவள் ரயிலில் வரவேயில்லை. அதுதான் வயிற்றெரிச்சல். தேயிலைத் தோட்டத்து டிவிசனில் இருந்து டவுனுக்குப் போகிற எல்லாரையும் போல ரயில் பாதையில் நடந்து வந்தாள். ரோட்டால் சுற்றினால் ஏழு கிலோமீட்டர், பஸ் நினைத்தால் வரும். பாதையோரமாக வந்தால் முக்கால் மணி நேரம். வழக்கமாக அவள் வந்து சேரும்போது ரயில் போயிருக்கும். அன்றைக்கென்று தாமதம். பிளாட்பாரக் கோடியில் அவள் ஏறவும், கொழும்பிலிருந்து வரும் ரயில் பின்னாலேயே வந்து நிற்கவும் சரியாக இருந்தது. இறங்கிய கூட்டத்தோடு அவளும் வாசலுக்கு வந்தாள். "அம்மே, கோ டிக்கட் எக்க?" என்று சிங்களத்தில் கேட்டுக் கையை நீட்டினார் பரிசோதகர். எடுக்காத டிக்கெட்டை எங்கிருந்து கொடுப்பாள்?

"நான் ரயில்ல வரலைங்க. நடந்து வந்தேன்" என்று தமிழில் சொன்னாள். தெரிந்த சிங்களத்திலும் சொன்னாள். அவர் அவளுடைய பையைத் திறக்கச் சொன்னார். கிளினிக் கார்டு, குடை, பாதிச் சம்பளத்தில் மிஞ்சிய ஐயாயிரம் ரூபாய். அரிசி, பருப்பு வாங்க வைத்திருந்த காசு. காசைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. இவ்வளவு வைத்துக்கொண்டா டிக்கெட் எடுக்காமல் வந்தாய் என்பது போல அவளை மேலும் கீழும் பார்த்தார்.

பெஞ்சில் இருக்கும்போதுதான் கணுக்கால் நமைத்தது. சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தாள். அட்டை. இரத்தம் குடித்துக் கொழுத்து இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அவளுக்குச் சந்தோஷமே வந்துவிட்டது.

"அண்ணே, இங்க வாங்க! இதக் காட்டி அவருகிட்ட கேளுங்க. ரயிலுக்குள்ள அட்டை கடிக்குமா?"

மூட்டை தள்ளிக்கொண்டிருந்த ஸ்டேஷன் தொழிலாளி பொன்னையா சிரித்தபடி வந்து, அதைச் சிங்களத்தில் சொன்னார். பரிசோதகர் எழுந்து வந்து அட்டையைக் குனிந்து பார்த்தார். நம்புகிற மாதிரிதான் இருந்தது அவர் பார்வை. பிறகு சுவரில் தொங்கிய அறிவிப்புப் பலகையை விரலால் காட்டி ஏதோ சொன்னார்.

பொன்னையாவின் சிரிப்பு நின்றது. "ரயில் பாதையில நடந்தா கோர்ட்டுக் கேஸாம் தங்கச்சி. டிக்கெட் இல்லாம வந்தா தண்டம் கட்டுனாப் போதுமாம். ரெண்டுல எதுன்னு நீயே சொல்லணுமாம்."

"நான் என்னத்தண்ணே சொல்ல?"

"கோர்ட்டுன்னா எத்தன தரம் இழுப்பாங்களோ. கட்டிட்டுப் போ. கிளினிக்குக்காச்சும் போய்ச் சேருவ."

கடிகாரம் பதினொன்று பத்து காட்டியது. கிளினிக் சீல் இல்லாமல் அவள் தோட்டத்துக்குத் திரும்ப முடியாது. ஒன்பது நாளுக்கு முன் நாலாம் நம்பர் மலையில் கொழுந்து எடுக்கும்போது குளவி கலைந்து, அவள் கையிலும் கழுத்திலும் கொட்டியது. இரண்டு நாள் ஆஸ்பத்திரி, பிறகு வீட்டில் காய்ச்சல். போன மாதம் மருத்துவ லீவு போட்ட இரண்டு பெண்கள் கொழும்பில் வீட்டு வேலைக்குப் போய் மாட்டிக்கொண்டதில் இருந்து, தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு யாரையும் நம்புவதில்லை. "புதன்கெழம கிளினிக் சீலோட வா. இல்லாட்டி சொல்லாம நின்னதாப் போட்டு செக்ரோல்ல பேர வெட்டிருவேன்" என்று சொல்லியிருந்தார். செக்ரோல் என்கிற வேலைப் பதிவேட்டில் பேர் இருக்கிற வரைக்கும்தான் தோட்டம் கொடுத்த லயத்து அறை. அவள் புருஷன் அழகுமுத்து தோட்டத்து ஆள் இல்லை, யாத்திரை சீசனுக்கு நல்லதண்ணி என்ற ஊரில் கடை வேலை செய்கிறவன். அறை அவள் பேரில்தான் இருந்தது.

"ரயில்லதான் வந்தேன்னு சொல்லுங்க" என்றாள் ஜீவராணி.

மூவாயிரம் தண்டம், அதோடு இரண்டு மடங்கு டிக்கெட் காசு. இவ்வளவா என்று கேட்கக்கூட நேரமில்லை. சிங்களத்தில் எழுதிய ரசீதின் அடியில், இடது கையால் கோணல்மாணலாகத் தமிழில் கையெழுத்துப் போட்டாள். அட்டையைப் பிய்த்து எறிந்துவிட்டு ஓடினாள்.

கிளினிக் வாசலில் நின்ற பணியாள் கையை விரித்தான். "நம்பர் முடிஞ்சிருச்சு. அடுத்த புதன் வாங்க." கெஞ்சினாள். கையைக் காட்டினாள். அவன் அவளுக்குப் பின்னால் நின்ற கிழவரையும் அதே வார்த்தை சொல்லித் திருப்பி அனுப்பினான்.

திரும்பும்போது பஸ்ஸில் ஒரு யோசனை வந்தது. தாமதம் தன் தப்பில்லையே. அதற்கு அரசாங்க ரசீதே இருக்கிறதே. தேதி இருக்கிறது, சீல் இருக்கிறது. இதைவிட என்ன சாட்சி வேண்டும்? வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே தோட்டத்து ஆபீசுக்குப் போய், கிளாக்கர் பிரதாபனின் மேசையில் ரசீதை விரித்து வைத்தாள்.

"ஸ்டேஷன்ல பிடிச்சு வச்சுட்டாங்க கிளாக்கரையா. அதனாலதான் கிளினிக் தப்பிப் போச்சு. இந்தா பாருங்க."

பிரதாபன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். ஒரு முறை அவளைப் பார்த்தார். மறுபடியும் வாசித்தார். பிறகு உள்ளே பார்த்துக் கண்டாக்கைக் கூப்பிட்டார்.

"எப்ப கொழும்புக்குப் போன?" என்று கேட்டார் கண்டாக்கு.

"கொழும்புக்கா? நானா?"

"இதுல கொழும்பு கோட்டை ஸ்டேஷன்ல இருந்துன்னு போட்டிருக்கு."

அப்போதுதான் அவளுக்கு அந்தக் காசின் கணக்கு விளங்கியது. "ரயில் கெளம்புன எடத்தப் போட்டிருப்பாருங்க. சத்தியமா நான் நடந்துதான் வந்தேன். அந்த ஊரு எந்தப் பக்கம்னுகூட எனக்குத் தெரியாதுங்க!"

"நடந்து வந்தவ எதுக்குத் தண்டம் கட்டுவா? செய்யாத தப்புக்கு யாராச்சும் கையெழுத்து வைப்பாங்களா?" கண்டாக்கு ரசீதின் அடியில் விரலால் தட்டினார். "நாலு நாளா உன்ன வெளியிலயே காணோம்னு கங்காணி சொன்னான். நான்தான் சரியா விசாரிக்கல."

"காய்ச்சல்ல படுத்துக் கெடந்தேங்க. கையப் பாருங்க ஐயா!"

"கை இருக்கட்டும். கொழும்புலயும் குளவி இருக்கும்" என்றார். பிரதாபன் சிரிக்காமல் ரசீதைக் குத்தி அவளுடைய கோப்பில் சேர்த்தார். திருப்பிக் கேட்டாள். கொடுக்கவில்லை.

பொழுது சாய்வதற்குள் செய்தி நல்லதண்ணி வரைக்கும் போய்விட்டது. அழகுமுத்து அவளுக்குப் போன் போட்டான். கை எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை.

"கொழும்புக்குப் போனியாமே. யாரு கூட?"

"பாவி மனுஷா, வீட்டுல மக இருக்காளே, அவகிட்ட கேளு!" என்று கத்தினாள். போனை வாங்கிய கேஷிகா, அம்மா எங்கேயும் போகவில்லை என்றாள். பிள்ளைக்கும் சொல்லிக்கொடுத்து வைத்திருக்கிறாய் என்றான் அழகுமுத்து.

மறுநாள் காலை கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போனாள். கண்டாக்கு வரிசையாகப் பேர் கூப்பிட்டார். அவளுக்கு முன்னால் நின்றவளைக் கூப்பிட்டார். பின்னால் நின்றவளைக் கூப்பிட்டார். புத்தகத்தை மூடினார். பெண்கள் மலைக்கு ஏறத் தொடங்கினார்கள். ஜீவராணி நின்ற இடத்திலேயே நின்றாள்.

பக்கத்து அறை சுலக்ஷனா மட்டும் பின்தங்கினாள். சுற்றிலும் பார்த்துவிட்டு நெருங்கி வந்து, அவள் காதோடு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"யக்கா, யாருகிட்டயும் சொல்லமாட்டேன். கொழும்புல எந்த வீடு? எனக்கும் அங்க ஒரு எடம் பாத்துக் குடேன்."

ஜீவராணி குனிந்து, வீங்கிய கையால் சேலையைத் தூக்கிக் கணுக்காலைத் தேடினாள். அட்டை கடித்த இடம் ஒரு கடுகளவுக்கு ஆறிப்போயிருந்தது. அதில் எடுத்துக் காட்ட ஒன்றுமில்லை.