அக்கரைக்கு அக்கரை

படப்பைக்குக் கிழக்கே ஓடும் எங்கள் ஆற்றைக் கோடையில் ஆறு என்று சொன்னால் ஆடுகூடச் சிரிக்கும், ஒரே தாண்டில் தாண்டிவிடும். கார்த்திகையில் ஏரிகள் நிரம்பி வழிந்ததோ, ஆளை விழுங்குகிற சனியன் அது. கிழக்கே ஒழுங்காகப் போவது, யேசுதாசன் நிலத்தைச் சுற்றி, மடக்கிய முழங்கை மாதிரி மறுபடி மேற்கே திரும்பும். முழங்கைக்குள் யேசுதாசன் நெல். ஆற்றுக்குத் தெற்கே பாட்சா நெல். வடக்கே, திரும்பி வருகிற ஆற்றையும் தாண்டி, பாட்சாவின் வீடு.

வீட்டிலிருந்து வயலுக்கு ரோட்டுப் பாலம் வழியாகச் சுற்றித்தான் பாட்சா பைக்கில் வருவார். அப்படிச் சுற்றிச் சுற்றியே, வீடு எங்கோ தூரத்தில் இருப்பதாக அவர் புத்தியில் பதிந்துவிட்டது. தண்ணீருக்கு ஏது பைக்?

அன்று மத்தியானம் கொட்டுகிற மழையில் வெள்ளம் பாட்சாவின் கரை விளிம்பைத் தொட்டது. அறுப்புக்கு நின்ற நெல். எதிர்க்கரையை வெட்டிவிட்டால் தன் பக்கம் தப்பும் என்று, இரு கரைக்கும் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்து, முதுகில் மண்வெட்டியோடு அக்கரை ஏறினார். அங்கே யேசுதாசன் தடியோடு காவல் நின்றார்.

"கரையில கை வச்ச, கைய ஒடச்சிடுவேன் பாய்!"

"உன் நெல்லு மட்டும்தான் நெல்லா? என்னுது இன்னா, புல்லா?"

தடி பாட்சாவின் தோளில் இறங்கியது. பாட்சா அவரைச் சேற்றில் தள்ளி முகத்தில் மிதித்தார். ஒரே மோட்டாரில் மாறி மாறித் தண்ணீர் பாய்ச்சிய இரண்டு பேர்! வாயில் ரத்தம் கொப்பளிக்க யேசுதாசன் எழுந்தார்.

"வெட்டாத பாய்! இங்க வெட்டினா நேரா உன் வூட்டுக்குத்தான் போவும்!"

"எனுக்கே காது குத்துறியா?"

மண்வெட்டியைத் திருப்பி, அதன் தலையால் ஓங்கி அடித்தார். மண்டை பிளந்தது. யேசுதாசன் விழுந்தார். பாட்சா திரும்பிக்கூடப் பார்க்காமல் கரையை வெட்டினார். பாவி!

வெட்டிய இடம் அப்படியே பெயர்ந்தது. ஆறு முழங்கையைச் சுற்றவில்லை. நெல்லைச் சுருட்டிக்கொண்டு நேராக வடக்கே பாய்ந்து, அங்கே திரும்பி வருகிற ஆற்றின் இரு கரையையும் உடைத்தது.

பாட்சா தலைப்பாகையில் சொருகியிருந்த போன் அடித்தது. வீட்டில் அவர் மனைவி, பச்சை உடம்புக்காரி அஜீசா, கைக்குழந்தையோடு தனியாக.

"என்னங்க, ஆத்துப்பக்கத்துச் சுவரு விழுந்துடுச்சி! கழுத்து வரிக்கும் தண்ணி! புள்ளய தூக்கிப் புடிச்சிகினு கீறேன், சீக்கிரம் வாங்க..."

அதோடு அறுந்தது.

யேசுதாசன் நிலத்து வெள்ளத்துக்குள் பாட்சா குதித்தார். வெள்ளம் புரட்டிக் கரையில் வீசியது. நிலத்தின் குறுக்கே ஒரு மேட்டு வரப்பு உண்டு, அதில் கால் வைத்தால் வடக்கே வீட்டுப் பக்கம் நடந்துவிடலாம். தண்ணீருக்கடியில் அது எங்கே என்று நிலத்துக்காரனுக்குத்தான் தெரியும்.

தவழ்ந்து போய் யேசுதாசனின் சட்டையைப் பிடித்து உலுக்கினார்.

"யேசு, மேட்டு வரப்பு எங்கடா கீது? சொல்லுடா! என் புள்ளடா!"

யேசுதாசனின் திறந்த கண்ணில் மழை விழுந்துகொண்டிருந்தது. அது இமைக்கவில்லை.