சத்தமில்லாத கேமரா

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடையில் கூடுகிற போட்டோக்காரர்கள் அரசியல் பேசுவதை விட்டு ரொம்ப நாளாகிவிட்டது. இப்போது அவர்களுக்குள் கட்சி என்றால் கேமராதான். சோனிக்காரர்கள் ஒரு பெஞ்சு, கேனான்காரர்கள் ஒரு பெஞ்சு, நிக்கான்காரர்கள் நின்றுகொண்டே குடிப்பார்கள். ஒரு கம்பெனி உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமரா ஒன்றைப் புதிதாக இறக்கினால், அதன் சூடு ஆறுவதற்குள் இன்னொரு கம்பெனி அதைத் தூக்கிச் சாப்பிடுகிற மாதிரி ஒன்றை இறக்கிவிடும். வாங்காதவனுக்குத் தூக்கம் போகும். வாங்கியவனுக்கும் போகும்.

அதே ஊரில் போட்டோக் கடை வைத்திருக்கும் வேல்விழி அந்த டீக்கடைக்குப் போவதில்லை. ஆனால் தூக்கம் போனதில் அவளுக்கும் பங்கு இருந்தது. கடையநல்லூர், புளியங்குடிப் பக்கம் முஸ்லிம் வீட்டுக் கல்யாணங்களில் ஆண்கள் பக்கத்தை சித்தீக் எடுப்பார், பெண்கள் பக்கத்தை அவள் எடுப்பாள். உள்ளறைக்கு ஆம்பளை போட்டோக்காரர் போக முடியாது என்பதால் அவளுக்கு வேலைக்குக் குறைவில்லை. குறை கேமராவில்தான். அவளிடம் இருந்தது உள்ளே கண்ணாடி வைத்த பழைய வகை. ஒவ்வொரு தடவை அமுக்கும்போதும் கதவைச் சாத்துகிற மாதிரி சத்தம் போடும். வெளிச்சம் குறைந்தால் படம் மணல் தூவினாற்போல் ஆகிவிடும். மணப்பெண்ணின் தம்பி, அண்ணன் யாராவது துபாயிலிருந்து வந்திருப்பான். "எந்த கேமரா பாடி வச்சிருக்கீங்க?" என்று முதலில் அதைத்தான் கேட்பான். சொன்னதும் அவன் முகத்தில் வருகிற மாற்றத்தைப் பார்க்கப் பிடிக்காமல் அவள் லென்ஸைத் துடைக்க ஆரம்பித்துவிடுவாள்.

அப்படி இருக்கையில்தான் மதுரையிலிருந்து லிங்கேஷ் வந்தான். ஒரு கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி. தெற்கே கல்யாண போட்டோக்காரர்களை யார் முதலில் வளைப்பது என்று கம்பெனிகளுக்குள் போட்டி. அதனால் புது கேமராவைக் கொஞ்ச நாள் இரவல் கொடுத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். "ஒரு கல்யாணத்துக்கு யூஸ் பண்ணிப் பாருங்க மேடம். அப்புறம் பழசைத் தொட மாட்டீங்க" என்று பெட்டியை மேசையில் வைத்துவிட்டுப் போனான்.

அந்தக் கல்யாணம் கடையநல்லூர் அப்ரீன் பானுவுடையது. பேசி முடிக்கும்போதே அப்ரீனின் உம்மா ஆயிஷம்மாள் சொல்லியிருந்தாள். "பொம்பளைக படம் எதுவும் எங்க வீட்டு வாசலைத் தாண்டக் கூடாதும்மா." வேல்விழியும் தலையாட்டியிருந்தாள். எல்லா வீட்டிலும் சொல்வதுதான், எல்லா வீட்டிலும் தலையாட்டுவதுதான்.

மருதாணி போடுகிற அன்று சாயங்காலம் கரண்டு போனது. இன்வெர்ட்டரில் மூலையில் ஒரு பல்பு மட்டும் எரிந்தது. மற்றப் பெண்கள் காற்றுக்காக முற்றத்துக்குப் போய்விட்டார்கள். அப்ரீனின் இரண்டு கையிலும் மருதாணி ஈரம். முற்றத்திலிருந்து யாரோ எதையோ சொல்ல, சிரித்துக்கொண்டிருந்தவளுக்கு திடீரென்று கண் நிறைந்தது. துடைக்கக் கையில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த உம்மாவின் தோளில் கன்னத்தைத் தேய்த்துத் துடைத்தாள். ஆயிஷம்மாள் திரும்பக்கூட இல்லை, மருதாணிக் கிண்ணத்தை மூடிக்கொண்டிருந்தாள். வேல்விழியின் விரல் தானாக அமுக்கியது. புது கேமராவில் சத்தமே வரவில்லை. அந்த அரை இருட்டிலும் அது அப்ரீனின் கண்ணைத் தேடிப் பிடித்திருந்தது.

கல்யாண வேலை முடிந்து கடைக்கு வந்து கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தபோது, தான் எடுத்ததுதானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

லிங்கேஷ் கேமராவைப் பற்றிக் கேட்க வந்தவன், திரையைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினான்.

"மேடம், இது எந்த லைட்ல எடுத்தீங்க?"

"ஒரு பல்பு."

"வர்ற ஞாயித்துக்கிழமை மதுரையில எங்க மீட்டிங். போட்டிக் கம்பெனிக்காரங்க கோயம்புத்தூர்ல ஒரு லேடி போட்டோகிராபரை மேடையேத்திட்டாங்க. எங்களுக்குத் தெக்க இருந்து ஒருத்தர் வேணும்னு சென்னையில தினம் கேக்குறாங்க. இந்தப் படம் இருந்தா நீங்கதான் அந்த ஆளு. இந்த கேமராவை உங்களுக்கே குடுத்துருவாங்க."

"வெளிய குடுக்க மாட்டேன்னு சொல்லியிருக்கேனே சார்."

"இப்போதைக்கு ஆபீஸ்ல மட்டும் காட்டுறேன். அவங்க பாக்கட்டும். நீங்க அதுக்குள்ள பெர்மிஷன் கேளுங்க."

அவள் கேமராவைப் பார்த்தாள். கைப்பிடியில் அவள் விரல் படிந்த இடம் அதற்குள் பழகிவிட்டிருந்தது. படத்தை அவன் போனுக்கு அனுப்பினாள்.

அதற்கப்புறம் அவளுக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. ஆல்பத்துக்குப் படம் பொறுக்க உட்கார்ந்தால் பாதியில் எழுந்து வாசலுக்கு வந்தாள். போனை எடுத்தாள், வைத்தாள். ஆண்கள் பக்கப் படங்களைக் கொடுக்க வந்த சித்தீக்கிடம் நடந்ததைச் சொல்லிவிட்டாள்.

"ஆயிஷம்மாட்ட கேட்டியா தங்கச்சி?"

"கேக்கணும்ணே."

சித்தீக் பென் டிரைவைக் கையில் உருட்டினார். "கேமராவ உனக்கேவா குடுக்கான்?"

"அப்படித்தான் சொல்லுதான்."

"ம்" என்றார். பொறாமையா, வருத்தமா என்று கண்டுபிடிக்க முடியாத ஒரு 'ம்'. பென் டிரைவை வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

சனிக்கிழமை அவள் கடையநல்லூருக்கு பஸ் ஏறினாள். அப்ரீன் மறுவீட்டுக்கு வந்திருந்தாள். ஆயிஷம்மாள் டீ கொடுத்தாள். வேல்விழி டேப்லெட்டில் படத்தைத் திறந்து அப்ரீனிடம் நீட்டினாள்.

அப்ரீன் வெகு நேரம் பார்த்தாள். "எப்பக்கா எடுத்தீங்க?"

"கரண்டு போனப்ப."

"சத்தமே கேக்கலையே."

"இதுல சத்தம் வராது."

ஆயிஷம்மாள் வந்து எட்டிப் பார்த்தாள். "என் தோள்லயா சாஞ்சா? எனக்குத் தெரியவே தெரியாதே." முந்தானையால் திரையைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தாள்.

அந்த நேரம் பார்த்து வேல்விழி விஷயத்தைச் சொன்னாள். மதுரை, மீட்டிங், கம்பெனி, கேமரா. சொல்லச் சொல்லத் தன் குரல் லிங்கேஷ் குரல் மாதிரி ஆவது அவளுக்கே கேட்டது.

ஆயிஷம்மாள் மகளைப் பார்த்தாள். "அவ படம். அவ சொல்லட்டும்."

"வேண்டாம்க்கா" என்றாள் அப்ரீன்.

"முகம் தெரியாம இருட்டாக்கிப் போடச் சொல்லட்டா?"

"முகம் தெரியாட்டியும் அது நான் அழுததுதானே. நான் இப்படி அழுதேன்னு எனக்கே இப்பத்தான் தெரியுது. ஊரு பாக்க வேண்டாம்."

வேல்விழி டேப்லெட்டை மூடினாள். சொல்லாமல் கிளம்பிவிடலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. "ஆபீஸ்ல காட்டணும்னு அவன் கேட்டான். அனுப்பிட்டேன்" என்றாள்.

ஆயிஷம்மாள் குனிந்து, பாதி டீ இருந்த தம்ளரை அவள் முன்னாலிருந்து எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"அவங்ககிட்டேருந்து எடுத்துருவீங்களா?" என்று கேட்டாள் அப்ரீன்.

"எடுத்துருதேன்."

பஸ்ஸில் ஏறியதிலிருந்து லிங்கேஷுக்குப் போன் அடித்தாள். மணி அடித்து நின்றது. மறுபடியும் அடித்தாள். செய்தி அனுப்பினாள். அவன் பார்க்கவேயில்லை. மறுநாள் காலை வண்டியில் கேமராப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மதுரைக்குப் புறப்பட்டாள். ராஜபாளையம், சிவகாசி என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் வண்டி நிற்கும்போது எழுந்து கதவுப் பக்கம் போய் நின்றாள். எழுந்து நின்றால் சீக்கிரம் போய்விடலாம் என்பது போல.

ஓட்டல் ஹாலில் நாற்காலிகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார்கள். மேடையில் சுவரை அடைத்த மாதிரி எல்.இ.டி. திரை. ஆட்கள் அதில் ஒவ்வொரு படமாக ஓட்டிச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மலை வந்தது. ஒரு பறவை வந்தது. அப்புறம் அப்ரீன் வந்தாள்.

தான் எடுத்த படத்தை வேல்விழி அவ்வளவு பெரிதாகப் பார்த்ததில்லை. இமை மயிர் ஒவ்வொன்றும் தெரிந்தது. கன்னத்து ஈரம் உம்மாவின் சேலையில் இழுபட்டிருந்த கோடுகூடத் தெரிந்தது. கீழே வேல்விழியின் பேர். அவளுக்கு உடம்பு சிலிர்த்தது, அதை இல்லையென்று சொல்ல முடியாது. ஒயர் இழுத்துக்கொண்டிருந்த ஒரு ஆள் வேலையை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்துகொண்டு படத்தைப் பார்த்தான். அவன் பார்த்ததைப் பார்த்ததும்தான் அவள் மேடையை நோக்கி ஓடினாள்.

லிங்கேஷ் கோட்டு போட்டிருந்தான். "மேடம், காலையிலேயே வந்துட்டீங்களா!"

"அந்தப் படத்த எடுங்க சார். பொண்ணு வேண்டாம்னுட்டா. நேத்துலேர்ந்து போன் அடிக்கேன்."

அவன் முகம் மாறியது. "சென்னையில இருந்து எல்லாரும் வந்திருக்காங்க. இந்தப் படத்தை வச்சுத்தான் ப்ரோகிராமே. போட்டிக் கம்பெனி அடுத்த வாரம் இதே மதுரையில மீட்டிங் போடுறான். இன்னிக்கு நான் சொதப்பினா என் வேலை இருக்காது மேடம்."

"நான் உங்களுக்கு அனுப்பினது தப்புதான். இப்ப எடுத்துருங்க."

"யாருக்குத் தெரியப் போகுது? கடையநல்லூர்க்காரங்க யாரும் இங்க வரப்போறதில்ல."

வேல்விழி கேமராப் பெட்டியை மேடை ஓரத்தில் வைத்தாள். "என்னை மேடைக்குக் கூப்பிடுவீங்கல்ல. மைக்கைக் கையில குடுத்தா, இது பொண்ணுக்குத் தெரியாம எடுத்த படம், அவ வேண்டாம்னு சொன்ன படம்னு சொல்லிருவேன். சத்தியமா சொல்லிருவேன்."

அவன் அவளையே பார்த்தான். பிறகு திரை ஓட்டுகிற ஆளிடம் போய்க் குனிந்து பேசினான். அப்ரீன் போய் மறுபடியும் அந்த மலை வந்தது. கம்ப்யூட்டரில் இருந்ததை அழிப்பதை அவள் நின்று பார்த்தாள். அவன் போனில் இருந்ததையும் அழிக்கச் சொன்னாள். சென்னையில் யாருக்கு அனுப்பினானோ அவருக்கும் அவள் முன்னாலேயே போன் போட்டான். "அழிச்சுட்டாராம்" என்றான்.

"உங்க பேரு லிஸ்ட்ல இருக்கு மேடம். கேமராவோட உங்களையாவது ஒரு படம் எடுத்துத் திரையில போடட்டுமா?"

"வேண்டாம்" என்றாள், அவன் முடிப்பதற்குள். அவ்வளவு வேகமாக ஏன் சொன்னோம் என்று அப்புறம் வெளியே வந்து ரோட்டில் நிற்கும்போது யோசித்தாள்.

கை வெறுமையாக இருந்தது. ஸ்டேஷனிலிருந்து அப்ரீனுக்குப் போன் செய்தாள். "என் கண்ணு முன்னால அழிச்சாங்க. சென்னையிலயும் அழிச்சாச்சுன்னு சொல்லுதாங்க. அத நான் பாக்கல."

"உங்ககிட்ட அந்தப் படம் இருக்காக்கா?" என்று கேட்டாள் அப்ரீன்.

"இருக்கு. அழிச்சிரட்டா?"

"வேண்டாம். பெருசா போட்டு எனக்குக் குடுங்க. உம்மா வாய் விட்டுக் கேக்க மாட்டாங்க. ஆனா அவங்களுக்கும் ஒண்ணு போடுங்க."

சிவகாசி தாண்டும்போது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. போட்டிக் கம்பெனி ஆள். ஹாலில் நடந்தது அதற்குள் அவன் காதுக்குப் போயிருந்தது. "அவங்க கேமராவைத் திருப்பிக் குடுத்துட்டீங்களாமே மேடம். எங்களோடது ஒண்ணு அனுப்பவா? வெச்சுப் பாருங்க. நல்ல படமா நாலு அனுப்புங்க, போதும்."

"வீட்டுப் பொம்பளைக படம் ஒண்ணும் தர மாட்டேன் சார். கோவில், மலை, மாடு என்ன வேணும்னாலும் தாரேன்."

அவன் மேலே கேட்டுச் சொல்வதாகச் சொன்னான். ஒரு வாரம் வரைக்கும் போன் அடிக்கும்போதெல்லாம் அவள் துள்ளி எழுந்தாள். அவன் அழைக்கவில்லை.

பிரிண்டுகளை வாங்க ஆயிஷம்மாள் வரவில்லை, மருமகனை அனுப்பியிருந்தாள். அப்ரீனின் தங்கை ஷஹீராவுக்கு நிச்சயமானபோது பெண்கள் பக்கத்தைத் தென்காசியிலிருந்து வேறொரு பெண் எடுப்பதாக சித்தீக் வந்து சொன்னார். சொல்லிவிட்டு உடனே போகாமல் கடையிலேயே சுற்றிக்கொண்டிருந்தார்.

"அவ என்ன கேமராண்ணே வச்சிருக்கா?" என்று கேட்டாள் வேல்விழி.

சித்தீக் சொன்னார். போன மாசம் இறங்கியது. அவள் கம்ப்யூட்டரில் அதைத் தேடி எடுத்தாள். விலையைப் பார்க்காமல், வெளிச்சமில்லாத இடத்தில் அது எப்படி எடுக்கும் என்பதை மட்டும் இருவரும் தலையை ஒட்ட வைத்துக்கொண்டு வாசித்தார்கள். மறுநாள் சிவகிரியில் வயசுக்கு வந்த ஒரு பெண்ணுக்குச் சடங்கு, படம் எடுக்கப் போக வேண்டும். பழைய கேமராவின் பேட்டரியைச் சார்ஜில் போட வேண்டும் என்று நினைத்தபடியே அவள் அடுத்த பக்கத்தைத் திறந்தாள்.