படத்துக்குப் போடும் சட்டை

குலத்தின் வெள்ளைச் சட்டையை உட்புறம் வெளியே தெரியும்படி திருப்பி, தலைவழியே அவனுக்கு மாட்டிவிட்டாள் கிருஷ்ணவேணி. மார்பு வரை மட்டும் பொத்தான் வைத்த சட்டை. செலண்டார் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி வேலை கிடைத்தபோது, இனி உடம்பு வைக்கும் என்ற நம்பிக்கையில் தாராளமாகத் தைத்தது. உடம்பு வைக்கவில்லை. உள்ளே இன்னொரு கிராணியையும் குடிவைக்கலாம் போலிருந்தது.

குலம் அவளுக்கு மாமி மகன். அவள் தொட்டிலில் கிடந்தபோதே, "இவள் என்ரை குலத்துக்கு" என்று மாமி சொல்லிவிட்டாளாம். அந்தச் சொல்லை நம்பித்தான் வந்த இரண்டு சம்பந்தங்களையும் அம்மா திருப்பி அனுப்பினாள். அதனால், மலாக்கா டவுன் ஸ்டூடியோவுக்குப் படம் பிடிக்கப் போகிறான், சட்டையை ஒடுக்கிக் கொடு என்று அம்மா சொன்னதும், கல்யாணப் பேச்சு எழுந்துவிட்டதென்றே வேணி எடுத்துக்கொண்டாள். பாச்சாங்கில் இருந்த அவர்கள் வீட்டில் அன்று காலையிலிருந்து அவள் கால் தரையில் பாவவில்லை.

கக்கத்திலிருந்து இடுப்பு வரை துணியைக் கிள்ளிப் பிடித்துக் குண்டூசி குத்திக்கொண்டே வந்தாள்.

"மூச்சை இழுக்காதேங்கோ மச்சான். பிறகு சாப்பிட்டால் தையல் தெறிக்கும்."

அவன் சிரிக்கவில்லை.

"படத்துக்கு நானும் வரோணுமோ?"

குலம் சுவரைப் பார்த்தான். "வேணி, உனக்கு ஒண்டும் சொல்லேல்லையே? படம் ஊருக்கு அனுப்ப. மானிப்பாயிலை எனக்குப் பொம்பிளை பாத்திருக்கினம்."

கோப்பியோடு வந்த அம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அம்மா, உங்களுக்குத் தெரியுமோ?"

"மாமி போன மாசமே சொல்லிப்போட்டா. பெரிய இடம் பிள்ளை. நாங்கள் என்னத்தைச் சொல்லுறது?" அம்மாவின் குரல் இறங்கியது. "வேறை ஆர் தைச்சாலும் வடிவா வராது எண்டு, நான்தான் சட்டையை இஞ்சை கொண்டுவரச் சொன்னனான்."

அவன் விட்டுப்போவது ஒரு வலி. அதைக்கூட அழுது தீர்க்கலாம். ஆனால் பெற்றவளே கூட இருந்து, அவள் கையைக் கொண்டே அவள் கண்ணைக் குத்தியிருக்கிறாள். இடுப்பில் கடைசி ஊசி பாக்கியிருந்தது. கை தன்பாட்டில் அதையும் குத்தி முடித்தது. சட்டை அவன் உடம்புக்கு அத்தனை கச்சிதமாய் வந்திருந்தது. அதுதான் அவளால் தாங்க முடியவில்லை.

கொல்லைக் கதவைத் திறந்து கிணற்றடிக்குப் போனாள்.

"வேணி, இதைக் கழட்டிவிடன்," என்று உள்ளிருந்து குலத்தின் குரல் கேட்டது.

ஜன்னல் வழியே தெரிந்தது. குலம் கைகளைத் தூக்கினான். இடுப்பில் ஊசி இறுக்கிய சட்டை நெஞ்சைத் தாண்டவில்லை. இறக்கிவிட்டு மறுபடியும் தூக்கினான். அம்மா கோப்பையை வைத்துவிட்டு அவனருகே போனாள். ஊசியை உருவினால் அளவு போய்விடும். அது அம்மாவுக்கும் தெரியும். நீட்டிய விரல் ஊசிவரை போய்ப் போய்த் திரும்பியது.

இருவரும் ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். வேணி வாளியைக் கிணற்றுக்குள் இறக்கினாள்.